அழகுக்காக வைத்த வெயில்

மார்ச் ஐந்தாம் தேதி, திங்கட்கிழமை காலை, கட்டட வடிவமைப்பு நிறுவனம் ஒன்றின் இரண்டாம் தளத்தில், படிக்கட்டை ஒட்டியிருந்த மாதிரி அறை காலி செய்யப்பட்டது.

தரை ஓடுகள், கல் துண்டுகள், கதவுக் கைப்பிடிகள், எந்தக் கட்டடத்துக்கும் தேர்வாகாமலே வயதாகிவிட்ட கைகழுவும் தொட்டி ஒன்று, எல்லாம் அட்டைப்பெட்டிகளில் ஏறிக் கீழே போயின. மிஞ்சியது ரயில் பெட்டி மாதிரி நீண்டு ஒடுங்கிய, ஒரு ஜன்னல்கூட இல்லாத அறை. ஒருவர் தாராளமாக நிற்கலாம். இருவர் நின்றால் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். அங்கேதான் நிறுவனத்தின் புதிய ஸ்டுடியோ வரப்போகிறது.

கட்டடம் எழும்புவதற்கு முன்பே அது எப்படி இருக்கும் என்று கணினியில் படமாக்கிக் காட்டும் வேலை அது. இதுவரை அதை வெளியில் ஒரு கடை செய்துகொண்டிருந்தது. வரைபடத்தை அனுப்பினால் ஒரு வாரம் கழித்துப் படம் வரும். கேட்ட இடத்தில் கதவு இருக்காது, கேட்காத இடத்தில் நீச்சல் குளம் இருக்கும். திருத்தச் சொன்னால் இன்னொரு வாரம்.

ஸ்டுடியோவை அமைக்கும் பொறுப்பு படக்காரிக்கு வந்திருந்தது. அந்தப் பெயரைச் சூட்டியது அவள் கணவன். அதே நிறுவனத்தில் சைட் இன்ஜினியர். அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்தது கட்டடக் கலைஞராக. ஆனால் எப்படியோ கழிப்பறை வரைபடங்கள் அவள் மேஜையில் வந்து விழ ஆரம்பித்து, பிறகு அவை மட்டுமே விழுந்தன. குழாய் எங்கே, தரைச் சரிவு எந்தப் பக்கம், கதவு உள்ளே திறக்குமா வெளியே திறக்குமா. ஊரில் பாதிப் பேர் அவள் வரைந்த இடத்தில்தான் தனியாக உட்கார்ந்து யோசிக்கிறார்கள் என்று கணவன் பெருமையாகச் சொல்வான். ஓய்வு நேரத்தில் படம் போடக் கற்றுக்கொண்டவளுக்கு, இந்த ஸ்டுடியோ கிடைத்தால் அதிலிருந்து விடுதலை. எலி வளையானாலும் தனி வளை.

அந்தப் பொறுப்பைக் கொடுத்தது அவள் நாத்தனார். கணவனின் அக்கா. நிறுவனத்தின் முதலாளியும் அவர்தான். வீட்டில் அண்ணி, ஆபீஸில் மேடம் என்று படக்காரி கூப்பிடும் முறையை வாசற்படியில் மாற்றிக்கொள்வாள். நாத்தனார் எதையும் மாற்றிக்கொள்வதில்லை.

"மாசக் கடைசியில பள்ளிக்கூடத்துத் தாளாளர் வர்றாங்க," என்று நாத்தனார் முதல் நாளே சொல்லிவிட்டார். "அவங்க கட்டடத்தை அவங்களுக்கு இந்த அறையில வெச்சுத்தான் காட்டணும். அன்னைக்கு ஒழுங்கா வரலைன்னா வெளிக் கடையோட ஒப்பந்தத்தைப் புதுப்பிச்சுடுவேன். நீ பழையபடி உன் வேலைக்குப் போயிடு. மனசுல வெச்சுக்காதே, இது ஆபீஸ்."

"சரிங்க மேடம்," என்றாள் படக்காரி.

சிக்கல் அதற்கும் முன்பே தொடங்கியிருந்தது. அதைத் தொடங்கியவளும் அவளே.

ஸ்டுடியோவுக்கு அனுமதி வாங்க அவள் ஒரு படம் போட்டிருந்தாள். அறை தயாரானால் எப்படி இருக்கும் என்று காட்டும் படம். போடும்போது கை சும்மா இருக்கவில்லை. அறை ஒடுக்கமாகத் தெரிந்தது. அகல லென்ஸ் வைத்தாள், ரயில் பெட்டி கல்யாண மண்டபமானது. மூன்று பெரிய மேஜைகள் போட்டாள், இடம் மிச்சமிருந்தது. கடைசிச் சுவர் மொட்டையாக இருந்தது. அதற்கு ஆரஞ்சு வண்ணம் பூசி, நடுவில் அகலமாக ஒரு ஜன்னல் வைத்தாள். ஜன்னல் வந்த பிறகு வெயில் வராமல் எப்படி? தரையில் இதமாக ஒரு பட்டை வெயில் விழுந்தது. அதன் ஓரத்தில் ஒரு தொட்டிச் செடி.

தொழிலில் எல்லோரும் செய்வதுதான். பொய் என்று யாரும் சொல்வதில்லை, அழகுக்காக என்பார்கள்.

நாத்தனார் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். "இது நம்ம ஆபீஸ்லயா இருக்கு?" என்று கேட்டார். அந்தத் தளத்தை வடிவமைத்ததே அவர். மாதிரி அறையில் எத்தனையோ முறை ஓடு தேடி அலைந்தவர். வரைபடத்தைப் புரட்டி அறையின் அகலத்தைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. மருத்துவருக்கும் தலைவலி வரும், கட்டடக் கலைஞரும் படத்தைக் கண்டால் மயங்குவார். அங்கேயே ஒப்புதல் தந்துவிட்டார். தந்ததோடு நிற்கவில்லை. படத்தைப் பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு, லிஃப்ட் பக்கத்தில் மாட்டினார். அதைப் பார்த்தே மேஜைகளுக்கும் சொல்லிவிட்டார்.

காலி அறையில் படக்காரியும் கணவனும் நின்றார்கள். அவன் கையில் அளவு டேப். அதை ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்கு இழுத்தான். திரும்ப ஒருமுறை இழுத்தான், முதல் தடவை டேப் பொய் சொல்லியிருக்கலாம் என்பது போல.

"ஜன்னல் எங்கம்மா?" என்றான்.

"கிண்டல் பண்ணாதீங்க."

"இல்ல, கேக்கறேன். இத்தனை வருஷமா உங்க ஆளுங்க போட்ட படத்தைக் காட்டி, இந்த மரம் எங்க, அந்தக் குளம் எங்கன்னு சைட்டுல என் சட்டையைப் பிடிப்பாங்க. இப்பத்தான் முதல் தடவையா படம் போட்டவங்களையே நேர்ல பிடிச்சிருக்கேன். கொஞ்சம் அனுபவிக்க விடு."

"அண்ணிகிட்ட எப்படிச் சொல்றதுன்னு சொல்லுங்க."

"எங்க அக்காகிட்டயா? 'அக்கா, இந்த அறை நீ நினைக்கற அறை இல்ல, வேற ஒண்ணு'ன்னு நானா? நான் இன்னைக்குச் சாயந்திரம் வீட்டுக்கு வர வேண்டாமா?"

அவள் சொல்லவில்லை. சொல்லாமலே சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை. அதைத்தானே பிழைப்பாகக் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

மேஜைகள் புதன்கிழமை வந்தன. உள்ளே நுழைந்தன, சுவரோரம் வரிசையாகவும் நின்றன. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் முதுகு எதிர்ச் சுவரில். ஸ்டுடியோவுக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் உட்கார்ந்து பார்த்தாள். காதிலிருந்து கழுத்துக்கும் கழுத்திலிருந்து காதுக்கும் ஹெட்போன் இறங்கி ஏறிக்கொண்டே இருக்கும் என்பதால் அவளுக்கு ஹெட்போன் என்றே பெயர் விழுந்திருந்தது.

"உட்கார வசதியாத்தான் இருக்கு அக்கா," என்றாள் ஹெட்போன். "எழுந்திரிக்கத்தான் முடியல."

தச்சர் வந்து மேஜைகளின் அகலத்தை அறுத்துக் குறைத்தார். நாத்தனார் மாடிக்கு வந்தபோது மரத்தூள் பெருக்கப்பட்டிருந்தது. அறையை மேலும் கீழும் பார்த்தார்.

"படத்துல இன்னும் கொஞ்சம் பெருசா இருந்துதே."

"சாமான் உள்ள வந்தா அறை சின்னதாத்தான் தெரியும் மேடம்," என்றாள் படக்காரி. அது உண்மைதான். ஆனால் அதனால் அல்ல.

அடுத்து கணினிகள் வந்தன. படம் போடும் கணினி சாதாரணக் கணினி இல்லை. ஒவ்வொரு சுவரிலும் எவ்வளவு வெளிச்சம் விழும், எந்தத் தரை எப்படி மினுங்கும் என்று ஓயாமல் கணக்குப் போடும். கணக்குப் போடப்போடச் சூடாகும். மூன்றும் ஒன்றாக ஓடினால் அறையில் துணி உலர்த்தலாம். அதற்கென்று ஒரு ஏ.சி. மின்சாரம் போனாலும் கணினிகள் நிற்காமலிருக்க மேஜைக்கடியில் பேட்டரிகள். கதவுப் பக்கச் சுவரில் விருந்தினருக்குக் காட்ட ஒரு பெரிய திரை.

மின்சார வேலைக்கு வந்தவரை எல்லோரும் ஃபேஸ் அண்ணன் என்றார்கள். எதைக் கேட்டாலும் "எந்த ஃபேஸ்ல குடுத்திருக்கீங்க?" என்று ஆரம்பிப்பார். இரண்டு நாள் சுவரைக் குடைந்து, எல்லாம் பிரமாதம் என்று கைதட்டித் தூசியை உதறினார். அவர் உதறி முடிப்பதற்குள் நடைபாதையில் யாரோ காப்பி இயந்திரத்தைப் போட, ஏ.சி. நின்றது.

"ஏன் அண்ணே நின்னுது?" என்றாள் படக்காரி.

ஃபேஸ் அண்ணன் யோசித்தார். "காப்பியும் ஏ.சி.யும் ஒரே லைன்ல இருக்கு."

"அதை நீங்கதானே போட்டீங்க?"

"லைன் நான் போட்டது. காப்பி நான் போடலையே," என்றார் ஃபேஸ் அண்ணன். வேறு லைன் இழுக்கப் புது மின்பலகை வரவேண்டும், அது அடுத்த மாதம்தான் வரும். அதுவரை காப்பி போடும்போது ஏ.சி. வேண்டாம், ஏ.சி. போடும்போது காப்பி வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். ஹெட்போன் அதை ஒரு தாளில் எழுதிக் காப்பி இயந்திரத்தின் மேல் ஒட்டினாள். யாரும் படிக்கவில்லை.

எல்லாம் ஒருவழியாகப் போய்க்கொண்டிருந்தபோது நாத்தனார் ஜன்னலைக் கேட்டார்.

"கடைசிச் சுவரை எப்ப உடைக்கறீங்க?" என்று தம்பியைக் கேட்டார். "ஆரஞ்சு அடிச்சாச்சு. ஜன்னலைக் காணோம். படத்துல இருக்கே."

படக்காரி தரையைப் பார்த்தாள். கணவன் அவளைப் பார்த்தான். பிறகு, அதை அவன் செய்திருக்க வேண்டாம் என்று அவள் பின்னால் பலமுறை சொன்னாள், துளையிடும் இயந்திரத்தைக் கொண்டுவந்து சுவரில் ஒரு துளை போட்டான். ஊதித் தூசியை வெளியேற்றி அக்காவைக் கூப்பிட்டான்.

"பாருக்கா."

நாத்தனார் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலையே."

"பக்கத்துக் கட்டடத்துச் சுவர். இங்க ஜன்னல் வெச்சா கையை நீட்டித் தடவிக் குடுக்கலாம். வேற ஒண்ணும் பண்ண முடியாது."

இதுதான் சமயம். 'மேடம், அங்கே ஜன்னல் வராது என்று எனக்கு முன்பே தெரியும், படத்தில் நான்தான் வைத்தேன்' என்று சொல்லிவிட்டால் முடிந்தது. படக்காரி வாயைத் திறந்தாள். அதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டார்.

"அப்போ விளக்குப் பெட்டி வைங்க. வானத்தைப் படமா அச்சடிச்சு, பின்னால விளக்குப் போட்டு, முன்னால ஜன்னல் சட்டம். பார்த்தா ஜன்னல் மாதிரியே இருக்கும். மூணாவது மாடி பல் மருத்துவமனைக்கு நாம பண்ணலையா?"

"பண்ணினோம்," என்றான் தம்பி.

"அவ்வளவுதான்."

அவர் இறங்கிப் போனதும் கணவன் துளையை விரலால் அடைத்தபடி, "படத்துல இருக்கற ஜன்னலுக்குப் படத்தாலயே ஒரு ஜன்னல்," என்றான். "இதுக்கும் வானம் நீயே போட்டுக் குடுத்துடு. பறவை வேணும்னா சேர்த்துக்க."

அவள் போட்டுக் கொடுத்தாள். இரண்டு பறவைகளும் சேர்த்தாள். கை கேட்கவில்லை.

பொய் ஜன்னலின் முதல் பலன், எல்லாத் திரைகளிலும் அதன் வெளிச்சம் பிரதிபலித்தது. இரண்டாவது பலன் இன்னும் மோசம். ஆரஞ்சுச் சுவரின் நிறம் வெளிச்சத்தோடு கலந்து அறை முழுக்கப் பரவ, திரையில் தெரியும் எல்லாமே அளவுக்கு மீறிச் சிவந்து தெரிந்தன. சிவப்பைக் குறைத்துக்கொண்டே போனார்கள். பள்ளிக்கூடத்தின் முதல் படத்தை அச்சடித்துக் கீழே கொண்டுபோய்ப் பார்த்தால், கட்டடம் முழுக்க நீலம் பாரித்திருந்தது.

"பிள்ளைங்களைக் குளிர்பதனப் பெட்டிக்குள்ள வெச்ச மாதிரி இருக்கு," என்றாள் ஹெட்போன்.

படம் போடும் அறைக்குச் சாம்பல் நிறச் சுவர் வேண்டும், அடக்கமான வெளிச்சம் வேண்டும், ஜன்னல் கூடாது. மாதிரி அறை பிறக்கும்போதே அப்படித்தான் பிறந்திருந்தது. அதை இவ்வளவு பாடுபட்டுக் கெடுத்திருக்கிறோம் என்று படக்காரிக்குப் புரிந்தது. கடைசிச் சுவரை மட்டுமாவது சாம்பலாக்கலாமா என்று நாத்தனாரிடம் கேட்டாள்.

"படத்துல ஆரஞ்சுதானே இருக்கு? லிஃப்ட் பக்கத்துல மாட்டியிருக்கு, வர்றவங்க எல்லாரும் பார்க்கறாங்க. அதை மாத்த முடியாது."

கடைசியில் அந்தச் சுவருக்கு முன்னால், கூரையிலிருந்து தரை வரை, கனமான ஒரு கறுப்புத் திரைச்சீலை தொங்கியது. பெரிய திரையில் படம் காட்டும்போது இருட்டு வேண்டும் என்று காரணம் சொன்னாள். நாத்தனார் ஏற்றுக்கொண்டார். ஆரஞ்சும் ஜன்னலும் வானமும் பறவைகளும் திரைச்சீலைக்குப் பின்னால் போயின. வேலை நடக்க ஆரம்பித்தது. நிறங்கள் சரியாக வந்தன. பள்ளிக்கூடம் உயிர் பெற்றது.

அந்தப் பள்ளிக்கூடத்தின் அழகே அதன் மேற்குச் சுவர்தான். இரண்டு மாடி உயரத்துக்கு முழுக் கண்ணாடி. அதற்குப் பின்னால் வகுப்பறைகள். நாத்தனார் மாதக்கணக்கில் யோசித்து வரைந்தது. அதைத் திரையில் பார்த்துவிட்டு அவர் ஒரே ஒரு திருத்தம் சொன்னார்.

"வெயில் நேரா அடிக்கற மாதிரி வேண்டாம். கண்ணாடி கொதிக்கற மாதிரித் தெரியுது. கொஞ்சம் இந்தப் பக்கமா நகர்த்து."

"இந்தப் பக்கம் கிழக்கு மேடம். இது பிள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போற நேரம்."

"யாரு திசைகாட்டி வெச்சுப் பார்க்கப்போறாங்க? இதமா இருக்கணும்."

படக்காரி சூரியனைப் பிடித்து நகர்த்தினாள். கணினியில் அது மிகச் சுலபம். அன்று மாலை வீட்டில் இதைச் சொன்னபோது கணவன் சட்டையை மடித்துக்கொண்டிருந்தான்.

"அந்த மனையில பள்ளிக்கூடம் விடற நேரத்துக்கு நின்னு பாரு. செருப்புப் போட்டுட்டு நின்னாலே கால் சுடும். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால பிள்ளைங்களை உட்கார வெச்சா, பாடம் படிக்க மாட்டாங்க, வெந்துதான் வருவாங்க."

"அண்ணிகிட்டச் சொல்லுங்களேன்."

"ரெண்டு தடவை சொல்லியாச்சு. 'உனக்கு செங்கல்தான் தெரியும்'னு சொன்னாங்க. எனக்கு செங்கல்தான் தெரியும்," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் அவளுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

தாளாளர் சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு வந்தார். நரைத்த முடியை இறுக்கிக் கட்டிய, மெலிந்த அம்மாள். பலகாலம் வகுப்பறையில் நின்றவர் என்பது அவர் யாரையும் உட்காரச் சொல்லும் விதத்திலேயே தெரிந்தது. லிஃப்டிலிருந்து இறங்கியவர் மாட்டியிருந்த படத்தின் முன் நின்றார்.

"ரொம்ப நல்லா இருக்கே. இது எங்க இருக்கு?"

"அங்கதான் போறோம்," என்றார் நாத்தனார்.

உள்ளே வந்த தாளாளர் ஒருமுறை திரும்பி, வந்த வழியைப் பார்த்தார்.

பெரிய திரையில் பள்ளிக்கூடம் விரிந்தது. வாசல், மணிக்கூண்டு, புத்தகப் பையோடு வீடு திரும்பும் பிள்ளைகள், கட்டடத்தைச் சுற்றிப் போனால் பின்பக்கம் மின்னும் கண்ணாடிச் சுவர். நாத்தனார் விளக்கிக்கொண்டிருந்தார். எல்லாம் நன்றாகவே போயிற்று. விருந்தினருக்கு என்று நடைபாதையில் யாரோ காப்பி போட்டார்கள்.

ஏ.சி. நின்றது. பேட்டரியில் கணினிகள் நிற்காமல் ஓடின. அடைத்த அறை, ஐந்து பேர், கொதிக்கும் மூன்று இயந்திரங்கள். கொஞ்ச நேரத்தில் தாளாளர் கைக்குட்டையை எடுத்து விசிறிக்கொண்டார்.

"ஒண்ணும் நினைச்சுக்காதீங்க, கொஞ்சம் புழுக்கமா இருக்கு. அந்த ஜன்னலைத் திறங்களேன்."

யாரும் அசையவில்லை.

"எந்த ஜன்னல் மேடம்?" என்றாள் ஹெட்போன்.

"அதாம்மா, வெளியில படத்துல பார்த்தேனே. திரைச்சீலைக்குப் பின்னாலதானே இருக்கு?" அவர் உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்திலேயே திரைச்சீலையின் கயிறு தொங்கியது. பிள்ளைகளிடம் வேலை சொல்லி அலுத்து, தானே செய்து பழகியவர். எழுந்து இழுத்துவிட்டார்.

ஆரஞ்சுச் சுவர் வந்தது. நீல வானம் வந்தது. இரண்டு பறவைகள், பறந்த இடத்திலேயே பறந்துகொண்டிருந்தன.

தாளாளர் அருகில் போய்ப் பார்த்தார். சட்டத்தில் கொக்கி இருக்கிறதா என்று தடவிக்கூடப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். நாத்தனார் காப்பிக் கோப்பையை எடுத்து, குடிக்காமல் கீழே வைத்தார். சுவரோரம் நின்றிருந்த கணவன் தன் காலணியை ஆராய்ந்தான்.

"வானம் நல்லா இருக்கு," என்றார் தாளாளர். அவர் பார்வை பெரிய திரைக்குப் போனது. இப்போது அவர் அதை வேறு மாதிரிப் பார்த்தார், விடைத்தாளைப் பார்ப்பது போல. "ஒரு சந்தேகம். யார் படம் போட்டது?"

"நான் மேடம்," என்றாள் படக்காரி.

"பிள்ளைங்க வீட்டுக்குப் போறாங்க. அப்போ சாயந்திரம். எங்க வாசல் கிழக்கே பார்த்தது. சாயந்திரம் பிள்ளைங்க வெளியில வந்தா வெயில் முதுகுல அடிக்கணும். இங்க முகத்துல அடிக்குது. இந்த வெயில் எங்க இருந்து வருது?"

படக்காரி நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனாரின் முகத்தில் ஒரு பதிலும் எழுதியிருக்கவில்லை, ஆனால் எந்தப் பதில் கூடாது என்பது எழுதியிருந்தது. காலையும் மாலையும் சேர்ந்த பொதுவான வெளிச்சம் என்று சொல்லலாம். அந்த வகைச் சொற்கள் தொழிலில் நிறைய உண்டு. தாளாளர் நம்பமாட்டார், ஆனால் விட்டுவிடுவார். உண்மையைச் சொன்னால் மேற்குக் கண்ணாடிச் சுவர் போகும். அதோடு ஸ்டுடியோவும் போகலாம். கழிப்பறைக் கதவுகள் உள்ளேயும் வெளியேயும் திறந்து அவளைக் கூப்பிட்டன.

பறவைகளைப் பார்த்தாள். எதற்காக அந்த இரண்டு பறவைகள் என்று இப்போது அவளுக்கே புரியவில்லை.

"அது அழகுக்காக வெச்ச வெயில் மேடம்," என்றாள்.

"சரி. நிஜ வெயில் இருக்கா?"

"இருக்கு."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்து மனை எங்கே இருக்கிறது என்பது கணினிக்குத் தெரியும். மாதத்தையும் நேரத்தையும் சொன்னாள். சூரியன் கட்டடத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய் இறங்கியது. வாசலில் நிழல் விழுந்தது. பிள்ளைகளின் முகங்கள் இருண்டன. பின்பக்கம் கண்ணாடிச் சுவர் எரிய ஆரம்பித்தது.

"லென்ஸும் மாத்தணும்," என்று அவளே சொன்னாள். "இதுவும் அகலமா வெச்சது. கண்ணு பார்க்கற மாதிரி வெக்கறேன்."

முற்றம் சுருங்கியது.

"உள்ள போகலாமா?" என்றார் தாளாளர்.

வகுப்பறைக்குள் போனார்கள். மேற்கு வெயில் கண்ணாடி வழியாக வந்து பெஞ்சுகள் மேல் படுத்திருந்தது. கரும்பலகை ஒரு வெள்ளைப் பலகையாகப் பளபளத்தது. கடைசி வரிசையில் படத்துப் பையன் ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான், அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

"நான் இந்த மாதிரி ஒரு வகுப்புல நின்னிருக்கேன்," என்றார் தாளாளர். "கடைசி மணி வரைக்கும் பிள்ளைங்க கண்ணைச் சுருக்கிட்டே என்னைப் பார்ப்பாங்க. என்மேல கோபமா இருக்காங்கன்னு ரொம்ப நாள் நினைச்சுட்டிருந்தேன்." நாத்தனார் பக்கம் திரும்பினார். "இதைக் கட்டினதுக்கு அப்புறம் தெரிஞ்சிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?"

"திரைச்சீலை போட்டிருப்பீங்க," என்றார் நாத்தனார்.

அதைச் சொன்ன பிறகுதான் அவர் பார்வை அறையின் கடைசிச் சுவருக்குப் போனது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. அண்ணியா மேடமா, யார் பேசப்போகிறார்கள் என்று படக்காரிக்குத் தெரியவில்லை.

"கொஞ்சம் நகரு," என்றார் நாத்தனார்.

படக்காரி நகர்ந்தாள். நாத்தனார் உட்காரவில்லை, நின்றபடியே திரையில் விரலை வைத்தார். "இந்த இடத்துல சுவர். இங்க இருந்து இது வரைக்கும் செங்கல். நடுவுல குறுகலா ஜன்னல், ஒவ்வொண்ணுக்கும் வெளியில செங்குத்தா ஒரு பலகை, வெயிலை வெட்டற மாதிரி. போடு, பார்க்கலாம்."

படக்காரி போட்டாள். கண்ணாடி இருந்த இடத்தில் செங்கல் எழுந்தது. வெயில் பெஞ்சிலிருந்து இறங்கித் தரைக்குப் போனது.

"பலகை இன்னும் ஒரு சாண்," என்றான் கணவன் பின்னாலிருந்து.

"நீ சும்மா இரு," என்றார் அக்கா. பிறகு, "ஒரு சாண் வெச்சுப் பாரு," என்றார்.

வெயில் வகுப்பறையை விட்டு வெளியேறியது. கரும்பலகை கறுத்தது. தாளாளர் கைக்குட்டையால் விசிறுவதை நிறுத்திவிட்டு, வெயிலை வெட்டும் பலகைகளின் நிறத்தைப் பற்றி ஒரு கருத்துச் சொன்னார். நாத்தனார் அதை மறுத்தார். தாளாளர் விடவில்லை. வெளிக் கடைக்கு அனுப்பியிருந்தால் இரண்டு வாரம் ஆகியிருக்கக்கூடிய சண்டையை அந்தப் புழுக்கத்தில் நின்றபடியே போட்டு முடித்தார்கள். ஹெட்போன் போய்க் காப்பி இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கினாள். ஏ.சி. வந்தது. யாரும் கவனிக்கவில்லை.

தாளாளரை லிஃப்ட் வரை கொண்டுபோய் விட்டுத் திரும்பிய நாத்தனார், ஸ்டுடியோ வாசலில் நின்றார்.

"அறை ஒடுக்கம்னு உனக்கு முதல்லயே தெரியுமா?"

"தெரியும் அண்ணி."

"ஜன்னல் வராதுன்னு?"

"அதுவும் தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க படத்தை ரொம்ப நேரம் பார்த்துட்டிருந்தீங்க," என்றாள் படக்காரி.

நாத்தனார் தம்பி பக்கம் திரும்பினார். "உனக்கு?"

"எனக்கு செங்கல்தான் தெரியும்க்கா."

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தின் மேற்குக் கண்ணாடிச் சுவர் வரைபடத்திலிருந்து நீக்கப்பட்டது. புதிய சுவருக்குத் தாளாளர் ஒப்புதல் தந்தார். வெளிக் கடையுடனான ஒப்பந்தம் மாதத்தோடு முடிந்தது, புதுப்பிக்கப்படவில்லை. லிஃப்ட் பக்கத்துப் படம் கழற்றப்பட்டது. ஸ்டுடியோவின் கடைசிச் சுவருக்குச் சாம்பல் வண்ணம் அடித்தார்கள். விளக்குப் பெட்டி மூன்றாவது மாடிப் பல் மருத்துவமனைக்குப் போனது. கழிப்பறை வரைபடங்களுக்கு வேறொருவர் நியமிக்கப்பட்டார். காப்பி இயந்திரம் கீழ்த்தளத்துக்கு மாற்றப்பட்டது.